எபிசோட் 37: சாய்ந்து நின்ற வண்டி

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறது.)

வழக்கமா இங்க சாஃப்ட்வேர், வேலை, இன்டர்வியூ, சம்பளம்னுதான் பேசுவோம். போன எபிசோட் முடியும்போது "ஒரு நாள் என் வண்டியைப் பத்திப் பேசறேன்"னு வாயை விட்டுட்டேன். அதுக்கப்புறம் வந்த மெயில்ல பாதி அதைப் பத்தித்தான். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா ரெண்டே கேள்வி. ஒண்ணு: "ப்ரோ, பழைய லக்சுரி எஸ்யூவி ஒண்ணு சீப்பா வருது, வாங்கலாமா?" ரெண்டாவது: "யூடியூப் பார்த்து நானே ரிப்பேர் பண்ணிக்க முடியுமா?"

இன்னிக்கு ரெண்டுக்கும் பதில் சொல்றேன். கூடவே, நான் பண்ண ஒரு தப்பையும் சொல்லப் போறேன். வீட்டுக்கு வெளியே இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. அது சொல்லாம இந்த எபிசோட் போட்டா நான் உங்களுக்குப் பாதி விஷயத்தைத்தான் சொன்னதா ஆகும்.

முதல்லயே ஒண்ணு. வண்டியோட பிராண்ட் பேரைச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வண்டியோட அனுபவத்தை வெச்சு ஒரு கம்பெனியை எடை போடறது நியாயமில்லை. ஜெர்மன் வண்டி, 2012 மாடல், 3 லிட்டர் வி6 டீசல், ஏழு சீட், நாலு பக்கமும் ஏர் சஸ்பென்ஷன். இது போதும்.

ஏன் இவ்வளவு சீப்?

இந்த வண்டி புதுசா வந்தப்போ அறுபது லட்சத்துக்கு மேல. நான் 2022 அக்டோபர்ல வாங்கினது பதினொன்றரை லட்சத்துக்கு. டெல்லி வண்டி. அங்கதான் விஷயமே இருக்கு. டெல்லியிலயும் அதைச் சுத்தி இருக்கிற பகுதியிலயும் பத்து வருஷத்துக்கு மேல ஆன டீசல் வண்டி ஓடக் கூடாதுன்னு 2015-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2018-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. அதனால ஒன்பதாவது வருஷம் தாண்டின டீசல் வண்டியை அங்க இருக்கிறவங்க சீக்கிரம் கை மாத்தப் பார்த்தாங்க. என் வண்டிக்குப் பத்து வருஷம் முடிய நாலு மாசம்தான் பாக்கி. என்ஓசி வாங்கி, இங்க கொண்டு வந்து, நம்ம ஆர்டிஓ-ல திரும்பப் பதிவு பண்ணணும். வண்டியோட வயசு, விலை எல்லாம் வெச்சு இங்க ஆயுள் வரி கணக்குப் போடுவாங்க. வாங்கறதுக்கு முன்னாடியே அந்தத் தொகையை விசாரிச்சுக்கோங்க. நான் விசாரிக்கல. கவுன்டர்ல நின்னப்போ தலை சுத்துச்சு.

ஆனா நான் புரிஞ்சுக்காம விட்ட பெரிய விஷயம் வரி இல்லை. வண்டி விலை அறுபது லட்சத்துல இருந்து பதினொன்றரைக்கு இறங்கிடுச்சு. பார்ட்ஸ் விலை இறங்கவே இல்லை. அது இன்னும் அறுபது லட்ச ரூபாய் வண்டிக்கான பார்ட்ஸ்தான். பதினொன்றரை லட்ச ரூபாய் வண்டிக்கு ஆகிற செலவை மனசுல வெச்சு வாங்கினீங்கன்னா, முதல் பில்லுலயே மூச்சு நிக்கும்.

அப்பா அப்பவே சொன்னார். "யானையைக் கட்டித் தீனி போடற கதைடா இது. வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்காத." அப்பா முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் டிப்போவுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். நான் என்ன நெனச்சேன்னா, அவர் லேலண்ட் பஸ்ஸைப் பார்த்தவர், இதுல முப்பது நாப்பது கம்ப்யூட்டர் இருக்கு, அதெல்லாம் நம்ம ஏரியான்னு. இன்ஜினியரிங் டிகிரி, கையில லேப்டாப். திமிர்தான், வேற என்ன.

வாட்ச்மேன் கண்டுபிடிச்ச பக்

வாங்கி ஒன்பது மாசம் எந்தப் பிரச்சனையும் இல்லை. 2023 ஜூலை மாசம் ஒரு நாள் காலையில வாட்ச்மேன் இன்டர்காம்ல கூப்பிட்டார். "சார், உங்க வண்டி முன்னாடி பஞ்சர் போல, ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது."

போய்ப் பார்த்தா டயர்ல காத்து சரியா இருக்கு. முன்பக்கம் இடது மூலை மட்டும் கீழே உக்கார்ந்திருக்கு. ஸ்டார்ட் பண்ணினதும் கம்ப்ரசர் "ஞொய்ங்"னு ஓடி, ஒரு நிமிஷத்துல வண்டி மேல எழுந்திருச்சு. அடுத்த நாள் காலையில திரும்பவும் அதே கதை.

ஏர் சஸ்பென்ஷன் எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். சாதாரண வண்டியில சக்கரத்துக்கு மேல இரும்பு ஸ்பிரிங் இருக்கும். இதுல அந்த இடத்துல ரப்பர் பை. உள்ளே அழுத்தமான காத்து. ஒரு கம்ப்ரசர் காத்தை அழுத்தி, ஈரத்தை எடுக்கிற டிரையர் வழியா ஒரு வால்வ் பிளாக்குக்கு அனுப்பும். அங்கிருந்து நாலு மூலைக்கும் தனித்தனிப் பைப். ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் உயரத்தை அளக்கிற ஒரு சென்சார். எந்த மூலை இறங்கியிருக்கோ அதுக்குக் காத்து போகும். இது ஒண்ணும் புது விஷயம் இல்லை. 1957 கேடிலாக் எல்டொராடோ புரோம்லயே ஏர் சஸ்பென்ஷன் இருந்தது. எஸ்யூவி-க்கு எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டோட வந்தது 1992-ல, ரேஞ்ச் ரோவர்ல. மெத்து மெத்துன்னு போகும், மேடு பள்ளம் வந்தா உயர்த்திக்கலாம், ஏழு பேர் ஏறினாலும் பின்பக்கம் தொங்காது. ஆனா ரப்பர்னா ஒரு நாள் வெடிப்பு விடத்தான் செய்யும்.

ஒரு பெரிய ஒர்க் ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனேன். ஸ்கேன் பண்ணாங்க. கம்ப்ரசர் அளவுக்கு மீறி ஓடுதுன்னு ஒரு கோடு வந்திருந்தது. எஸ்டிமேட் கொடுத்தாங்க: முன்பக்கம் ரெண்டு ஸ்ட்ரட், ஒரு கம்ப்ரசர், கூலி, எல்லாம் சேர்த்து 3,10,000 ரூபாய். அவங்க ஏமாத்தறாங்கன்னு சொல்ல மாட்டேன். அவங்க முறை அது. பழைய வண்டியில ஒண்ணை மட்டும் மாத்திக் கொடுத்து, அடுத்த மாசம் இன்னொண்ணு போச்சுன்னா திட்டு அவங்களுக்குத்தான். ஆனா என்கிட்ட மூணு லட்சம் இல்லை. "ரெண்டு வாரம் டைம் கொடுங்க"ன்னு வண்டியைத் திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்.

முதல்ல அளந்து எழுதணும்

டீபக் பண்றதுக்கு முன்னாடி லாக் எடுப்போம் இல்லையா, அதேதான். ஒரு இன்ச் டேப் எடுத்து, சக்கரத்தோட நடுப்புள்ளியில இருந்து மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு மூலையும் ராத்திரி அளந்தேன். காலையில திரும்ப அளந்தேன். ஒரு வாரம். மூணு மூலையில 2, 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். முன்பக்கம் இடதுல மட்டும் 70 மில்லிமீட்டர்.

இந்த ஒரு அட்டவணையிலயே பாதி பதில் வந்துடுச்சு. நாலு மூலையும் சேர்ந்து இறங்கினாலோ, முன்பக்கம் ரெண்டும் சேர்ந்து இறங்கினாலோ வால்வ் பிளாக் மேல சந்தேகம் வரும். ஒரே மூலைன்னா வால்வ் பிளாக்குக்கும் அந்த ரப்பர் பைக்கும் நடுவுலதான் லீக். கம்ப்ரசர் நோயாளி இல்லை. லீக் ஆன காத்தை நிரப்பி நிரப்பி அது களைச்சுப் போயிருக்கு. கோடு சொல்றது அறிகுறியைத்தான். கம்ப்ரசரை மட்டும் மாத்தியிருந்தா, புதுசும் ஒரு வருஷத்துல அதே மாதிரி எரிஞ்சு போயிருக்கும்.

அப்புறம் சோப்புத் தண்ணி. பாத்திரம் கழுவற லிக்விடைத் தண்ணியில கலந்து ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்திக்கிட்டேன். வண்டியை உயரமான லெவல்ல வெச்சு, ரப்பர் மடிப்பு, பைப் இணைப்பு எல்லாத்துலயும் அடிச்சேன். ரப்பர்ல ஒண்ணும் வரலை. ஸ்ட்ரட்டோட மேல் தலையில பைப் போய்ச் சேர்ற பித்தளை இணைப்புல, கடுகு சைஸ்ல ஒரு முட்டை வந்து உடைஞ்சது. இன்னொண்ணு வந்தது. அப்புறம் இன்னொண்ணு. அந்தச் சந்தோஷம் இருக்கே, ப்ரொடக்‌ஷன்ல மூணு நாளா தேடின பக் கிடைச்ச மாதிரி.

அந்த இணைப்பை வெறும் ஸ்பானரைப் போட்டுக் கழட்டிடக் கூடாது. டயர்ல இருக்கிறது ரெண்டு, ரெண்டரை பார் அழுத்தம். இங்க அதைவிடப் பல மடங்கு. முதல்ல ஸ்கேனர் மூலமா அந்த மூலையோட காத்தை வெளியே விடணும். காத்து போனா வண்டி இறங்கும். அதனால அதுக்கு முன்னாடியே ஜாக் மோடு போட்டு, வண்டியைத் தூக்கி, ஜாக் ஸ்டாண்ட் மேல உக்கார வெச்சிருக்கணும். ஏர் சஸ்பென்ஷன் இருக்கிற வண்டிக்கு அடியில ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை விட்டீங்கன்னா, ஜாக்கி நழுவினாலும் ஆபத்து, காத்து இறங்கினாலும் ஆபத்து. சமதளத் தரை, பின் சக்கரத்துக்குக் கட்டை, ரெண்டு ஜாக் ஸ்டாண்ட். இது மூணும் இல்லைன்னா அன்னிக்கு வேலை இல்லை.

பழைய பைப் நுனியை ஒரு சென்டிமீட்டர் நேரா வெட்டிட்டு, புது இணைப்பு போட்டேன். 1,400 ரூபாய். கம்ப்ரசரோட ரிலேவும் தேய்ஞ்சிருக்கும்னு அதையும் மாத்தினேன். 900 ரூபாய். மொத்தம் 2,300. மூணு லட்சத்துப் பத்தாயிரம் எங்கே, 2,300 எங்கே? அந்த வாரம் நான் ஆஃபீஸ்ல நடந்த நடை எனக்கே தெரியும். பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் இந்தக் கதைதான்.

கதையோட மீதியையும் சொல்லணும். எட்டு மாசம் கழிச்சு முன்பக்கம் வலது ரப்பர் நிஜமாவே வெடிப்பு விட்டுச்சு. அது ஸ்ட்ரட்டே மாத்தற வேலை. நான் தொடலை. தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட கொடுத்தேன், பார்ட்டும் கூலியும் சேர்த்து 62,000. ஒர்க் ஷாப் சொன்னது முழுத் தப்பு இல்லைன்னு அப்போதான் புரிஞ்சது.

வீட்டுல எதைச் செய்யலாம்?

மெயில்ல கேட்டவங்களுக்காக இந்தப் பகுதி. நான் மூணு வருஷமா நானே செய்யறது இவ்வளவுதான்.

முதல்ல பேட்டரி. இந்த வண்டிகள்ல பாதி மர்மம் பேட்டரியில முடியும். வோல்டேஜ் குறைஞ்சா ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்குத் தோணின கோடைப் போடும். சஸ்பென்ஷன் கோளாறு, கியர்பாக்ஸ் கோளாறு, ஏபிஎஸ் கோளாறுன்னு டேஷ்போர்டு தீபாவளி மாதிரி எரியும். ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி ராத்திரி முழுக்க நின்ன பிறகு 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ். 12.2 வந்தா பாதிதான். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் பக்கத்துல இருக்கணும். ரெண்டு நாள் நிறுத்தினா பேட்டரி இறங்குதுன்னா, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் தூங்க விட்டு, கரண்ட் எவ்வளவு இழுக்குதுன்னு பாருங்க. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். அதிகம்னா ஏதோ ஒண்ணு தூங்காம இருக்கு.

ரெண்டாவது ஸ்கேனர். ஆன்லைன்ல கிடைக்கிற ஐநூறு ரூபாய் ஓபிடி டாங்கிள் இன்ஜின், புகை சம்பந்தப்பட்ட கோடு மட்டும்தான் படிக்கும். சஸ்பென்ஷன், ஏர்பேக், கியர்பாக்ஸ் எல்லாம் படிக்கணும்னா அந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வேணும். நான் 14,000 கொடுத்து வாங்கினேன். வாங்கினதுலயே உருப்படியான செலவு அதுதான். கோடு வந்ததும் அழிச்சுடாதீங்க. முதல்ல எழுதி வையுங்க, கிலோமீட்டரோட.

மூணாவது ஆயில், ஃபில்டர். என் இன்ஜினுக்கு எட்டு லிட்டர் ஆயில். 5டபிள்யூ-30ன்னு டப்பா மேல போட்டிருந்தா மட்டும் போதாது. மேனுவல்ல சொல்லியிருக்கிற அப்ரூவல் நம்பர் டப்பாவோட பின்னாடி இருக்கணும். டிபிஎஃப் இருக்கிற டீசல்னா சாம்பல் குறைஞ்ச ஆயில்தான் போடணும், இல்லேன்னா ஃபில்டர் சீக்கிரம் அடைச்சுக்கும். ஓஎம்ஆர் டிராஃபிக்ல தினமும் ஊர்ந்துட்டுப் போற வண்டிக்கு 15,000 கிலோமீட்டர் வரைக்கும் ஆயில் தாங்கும்னு நம்பாதீங்க. நான் 7,500-ல, இல்லேன்னா வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறேன். மாசத்துக்கு ஒரு தடவையாவது ஹைவேயில இருபது, முப்பது நிமிஷம் சீரா ஓட்டுங்க. டிபிஎஃப்-ல சேர்ந்த கரி எரிய அந்தச் சூடு வேணும். பழைய ஆயிலைச் சாக்கடையில ஊத்தாதீங்க. கேன்ல பிடிச்சு ஒர்க் ஷாப்புல கொடுத்தா, ரீசைக்கிள் பண்றவங்ககிட்ட அவங்க அனுப்புவாங்க. பார்க்கிங்ல ஒரு சொட்டு சிந்தினாலும் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்புல உங்க ஃபோட்டோ வரும். எனக்கு வந்திருக்கு. அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சுக்கோங்க.

பார்ட்ஸ் விஷயத்துல ஒரு டிப். வண்டி கம்பெனி எல்லா பார்ட்டையும் தானே செய்யறதில்லை. ஃபில்டர் மான், மாலே மாதிரி ஒருத்தர் செய்வார், சென்சார் பாஷ் செய்யும், கியர்பாக்ஸ் இசட்எஃப் கொடுக்கும். அதே பார்ட் வண்டியோட முத்திரை இல்லாத டப்பாவுல கணிசமா குறைஞ்ச விலைக்கு வரும். பார்ட் நம்பரை வண்டியோட சேசிஸ் நம்பரை வெச்சுச் சரிபார்த்துட்டு வாங்குங்க. ஜிபி ரோடுல கேட்டுப் பாருங்க. கண்ணாடி, லைட், டோர் ஹேண்டில் மாதிரி சாமானுக்குப் புதுப்பேட்டை போகலாம். ஆனா பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் இதெல்லாம் பழசு வாங்கவே கூடாது. பேரம் பேசற சாமான் இல்லை அது.

மழைக்காலம் வருதுன்னா ஒரு எச்சரிக்கை. ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தினா தண்ணியில போயிடலாம்னு நினைக்காதீங்க. இன்ஜின் மூச்சு இழுக்கிற இடம் எவ்வளவு உயரத்துல இருக்குங்கிறதுதான் கணக்கு. தண்ணி உள்ளே போயிடுச்சுன்னு சந்தேகம் வந்தாலே ஸ்டார்ட் பண்ணாதீங்க. தண்ணியை பிஸ்டன் அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைஞ்சுடும். மழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி பாலத்து மேல கார் வரிசையா நிக்கறதைப் பார்த்து சிரிக்கிறவங்க இருக்காங்க. நானும் அந்த வரிசையில நின்னிருக்கேன். அங்க ஒரு ராத்திரி நிக்கறது ஒரு இன்ஜினைவிட ரொம்ப மலிவு.

அந்த ஞாயித்துக்கிழமை

இப்போ சொல்லாம வெச்சிருந்த விஷயம்.

2024 பிப்ரவரி. அக்காவுக்கு ஏழாம் மாசம். மாமியார் வீடு திண்டிவனம், வளைகாப்பு அங்க. அக்கா அப்போ எங்க வீட்டுல இருந்தா. நம்ம வண்டியிலயே எல்லாரையும் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவாச்சு. நீளமான பயணம்னு ஞாயித்துக்கிழமை உக்கார்ந்து முன்பக்க பிரேக் பேட் மாத்தினேன். வேலை நல்லாவே போச்சு. காலிப்பரைக் கம்பியில கட்டித் தொங்க விட்டேன், ஹோஸ் இழுபடக் கூடாதுன்னு. பின்னுக்குச் சுத்தம் பண்ணி கிரீஸ் போட்டேன். எல்லாம் மாட்டி, நகர்த்தறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு அழுத்தம் வர வெச்சேன். வீடியோவுல சொன்ன ஒவ்வொண்ணும் பண்ணினேன்.

கடைசியா இடது சக்கரம். அஞ்சு போல்ட். வண்டி ஸ்டாண்ட் மேல நிக்கும்போது கையாலயும் சின்ன ஸ்பானராலயும் மாட்டி, வண்டியை இறக்கினப்புறம் டார்க் ரென்ச் போட்டு முறுக்கணும். வண்டியை இறக்கினேன். ஃபோன் அடிச்சது. அந்த வாரம் நான்தான் ஆன்-கால். சர்வர் ஒண்ணு விழுந்திருக்கு. மேல ஓடிப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். நாப்பது நிமிஷம் ஆச்சு. திரும்பி வந்தப்போ வண்டி நாலு சக்கரத்துல அழகா நிக்குது. சாமானைப் பெட்டியில எடுத்து வெச்சேன். டார்க் ரென்ச்சையும் துடைச்சு வெச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சுக் கிளம்பினோம். முன்னாடி அப்பா, நடுவுல அம்மாவும் அக்காவும். செங்கல்பட்டு தாண்டினதும் லேசா ஒரு "டக்... டக்". நான் ரோடு சத்தம்னு நெனச்சேன். ஏசியைக் கூட்டினேன். மதுராந்தகம் ஏரியைத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்குச்சு. அப்பா என்னைப் பார்க்கவே இல்லை, ரோட்டைப் பார்த்துக்கிட்டே, "ஓரம் கட்டு. பிரேக்கை அழுத்தாத. மெதுவா"ன்னார்.

இறங்கிப் பார்த்தேன். இடது முன் சக்கரம். அஞ்சு போல்ட்ல ஒண்ணு இல்லவே இல்லை. ரெண்டு விரலால திருகினா சுத்துது. மிச்சம் ரெண்டுதான் பிடிச்சிருக்கு. ஓரம் கட்டறதுக்கு முன்னாடி நான் போன வேகம் 95.

நான் அங்கேயே கீழே உக்கார்ந்துட்டேன். கை நடுங்குது. அப்பா குனிஞ்சு பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. வண்டியில இருந்த ஸ்பானரை எடுத்து இருந்த நாலையும் அவரே முறுக்கினார். ஆனா ஓட்டிட்டுப் போக ஒத்துக்கலை. லூஸா ஆடினதுல அலாய் வீலோட போல்ட் துளை உரசியிருக்கும், பார்க்காம நம்பக் கூடாதுன்னார். டோ வண்டிக்குச் சொன்னோம். அம்மாவையும் அக்காவையும் கால் டாக்சி வெச்சு அனுப்பினோம். அக்கா ஏறும்போது சிரிச்சுக்கிட்டே, "என்னடா, மூணு லட்சம் மிச்சம் பண்ணேன்னு சொன்னியே"ன்னா. அவளுக்கு அப்போ முழு விஷயம் தெரியாது. ஏதோ ரிப்பேர்னு மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவ தெரிஞ்சுக்கிட்டது குழந்தை பொறந்தப்புறம்.

டோ வண்டிக்காக ஒண்ணே முக்கால் மணி நேரம் ரெண்டு பேரும் ரோட்டோரத்துல நின்னோம். அப்பா திட்டினா தேவலைன்னு இருந்தது. திட்டலை. ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு கேட்டார். "கடைசியா முறுக்கினதை யார் பார்த்தா?" நான் முழிச்சேன். "டிப்போவுல ஒருத்தன் முறுக்குவான். இன்னொருத்தன் பார்ப்பான். பார்த்தவன் பெயின்ட்ல கோடு போடுவான். கோடு இல்லாத பஸ் வெளியே போகாது. முறுக்கறவன் கெட்டிக்காரனா இல்லையாங்கிறதே கேள்வி இல்லை. எவனா இருந்தாலும் ஒரு நாள் மறப்பான்."

ஆஃபீஸ்ல ஒரு வரி கோடு மாத்தினாலும் இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணாம மெர்ஜ் ஆகாது. பட்டன் கலர் மாத்தறதுக்குக்கூட ரெண்டு பேர் கையெழுத்து. என் குடும்பம் உக்கார்ற வண்டியோட சக்கரத்துக்கு ரிவ்யூ இல்லை. அதை எனக்குச் சொல்லிக் கொடுக்க அப்பா தேவைப்பட்டார். அவர் வீட்டுலயேதான் இருந்தார், அந்த ஞாயித்துக்கிழமை. மேல டிவி பார்த்துக்கிட்டு. நான் கூப்பிடலை.

இப்போ எப்படி

அந்த வீலை மாத்தினேன், அஞ்சு போல்ட்டும் புதுசு போட்டேன். இப்போ சக்கரம் கழட்டினா அன்னிக்கு அப்பா கீழே வரணும். நான் டார்க் ரென்ச்சால நட்சத்திரம் போடற மாதிரி எதிரெதிரா முறுக்குவேன். என் வண்டிக்கு 150 நியூட்டன் மீட்டர். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவலைப் பாருங்க. அப்பா இன்னொரு தடவை ரென்ச் போட்டுப் பார்ப்பார். "க்ளிக்" கேட்டாத்தான், போல்ட் தலையில இருந்து வீல் வரைக்கும் அக்காவோட பழைய நெயில் பாலிஷ்ல ஒரு சிவப்புக் கோடு போடுவார். போல்ட் கொஞ்சம் அசைஞ்சாலும் கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டினப்புறம் திரும்ப ஒரு தடவை பார்க்கிறோம். வேலை நடக்கும்போது என் ஃபோன் மேல வீட்டுலதான் இருக்கும். ஆன்-கால் வாரத்துல வண்டியைத் தொடறதில்லை.

நான் செய்யாத வேலை எதுன்னும் எழுதி டூல்பாக்ஸ் மூடிக்குள்ள ஒட்டியிருக்கேன். ஏர்பேக், டீசல் ஹை பிரஷர் லைன், ஸ்ட்ரட், கியர்பாக்ஸ் உள் வேலை, பின்பக்க எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக். தப்பாப் போனா என்ன ஆகும்னு கேட்டுக்கறேன். "வண்டி ஸ்டார்ட் ஆகாது"ன்னு பதில் வந்தா நான் செய்யலாம். "வண்டி நிக்காது"ன்னு பதில் வந்தா, ஒண்ணு கூட ஆள் வேணும், இல்லேன்னா அது என் வேலை இல்லை.

கணக்கு

கடைசியா பணம். மூணு வருஷம், 31,000 கிலோமீட்டர். வரி, இன்ஷூரன்ஸ், டீசல் எல்லாம் விட்டுட்டு, பராமரிப்பு மட்டும். நாலு டயர் 92,000. அஞ்சு தடவை ஆயில், ஃபில்டர் 70,000. அந்த ஒரு ஸ்ட்ரட் 62,000. பிரேக் டிஸ்க், பேட் 58,000. டூல்ஸும் ஸ்கேனரும் 46,000. க்ளோ பிளக், கூலன்ட் ஹோஸ் வகையறா 41,000. பேட்டரி 19,000. மிச்சம் சின்னச் சின்னதா 50,000, மாத்தின வீல், டோ வண்டி எல்லாம் சேர்த்து. மொத்தம் 4,38,000. கிலோமீட்டருக்கு 14 ரூபாய்க்கு மேல. இது கூலி பெருசா இல்லாம, நானே செஞ்சும். என் சனி ஞாயிறுக்கு விலை போட்டா இந்தக் கணக்கு தேறவே தேறாது.

அதனால "வாங்கலாமா"க்கு என் பதில் இது. காசு மிச்சம் பண்ண வாங்காதீங்க. அந்தக் காசுக்கு அஞ்சு வருஷப் பழைய சாதாரண எஸ்யூவி வாங்கினா நிம்மதியா இருக்கலாம். இதுதான் வேணும்னா, வாங்கற விலையில மூணுல ஒரு பங்கைத் தனியா எடுத்து வெச்சுட்டு வாங்குங்க. அந்தப் பணம் இல்லைன்னா அந்த வண்டி உங்க பட்ஜெட்ல இல்லை. பார்க்கப் போகும்போது ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போய்ப் பாருங்க. நாலு மூலையும் சமமா நிக்குதான்னு அப்போதான் தெரியும். ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கிற வண்டியைக் காட்டினா, நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்துப் பாருங்க, ஸ்டெப்னி குழியைத் தூக்கிப் பாருங்க. சேறு படிஞ்ச தடம் இருந்தா அது வெள்ளத்துல நின்ன வண்டி.

"நானே ரிப்பேர் பண்ணலாமா"க்குப் பதில்: பண்ணலாம். தனியா பண்ணாதீங்க.

அக்கா பையனுக்கு இப்போ ஒன்றரை வயசு. போன மாசம் அதே ரோட்டுல, அதே வண்டியில திண்டிவனம் போயிட்டு வந்தோம். கிளம்பறதுக்கு முன்னாடி அக்கா குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டே நாலு சக்கரத்தையும் சுத்தி வந்து குனிஞ்சு குனிஞ்சு பார்த்தா. "இருபது கோடு, சரியா இருக்கு"ன்னு எண்ணிச் சொல்லிட்டுத்தான் ஏறினா.

அடுத்த எபிசோட் வழக்கம்போல வேலை சம்பந்தமாத்தான், ஆன்-கால் வாரத்துல வீட்டு வாழ்க்கையை எப்படி வெச்சுக்கறதுன்னு. வண்டி சம்பந்தமா கேள்வி இருந்தா அனுப்புங்க. எனக்குத் தெரியலைன்னா அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன். கிளம்பறதுக்கு முன்னாடி உங்க ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.